மருமகன் சீனாவுக்குப் போறாராம்

சீனாவுக்குப் போறியாம்ல மருமவனே. நல்லது. லோயாங்னு ஒரு ஊராம், அங்க ஆத்தங்கரை மலையக் கொடைஞ்சு ஒரு லச்சத்துக்கு மேல புத்தரு செதுக்கி வச்சிருக்காங்களாம், அதப் பாக்காம விடமாட்டியாம். ஒங்கம்மா வந்து என்கிட்ட அழுவுறா. நான் சொன்னேன், "அழுவாத தாயி, தூரதேசம் போற புள்ள புத்தியோட திரும்பி வரும். அப்பிடி வரலேன்னாலும் நட்டம் இல்ல, போகும்போதும் அத எடுத்துட்டுப் போகலையே"ன்னு. அவ சிரிச்சுட்டா. நீயும் சிரிக்கலாம். கொழும்புல ஏசி ஆபீசுல உக்காந்து உக்காந்து ஒனக்கு மொகம் வெறச்சுப் போச்சு.

ஒன் போன்ல போட்டிருக்கிற திட்டத்த ஒன் தங்கச்சி காட்டுச்சு. காலையில அந்தப் புத்தருங்க இருக்கிற லோங்மென் கொகை, ரெண்டு மணி நேரம். மத்தியானம் வெள்ளைக் குதிரைக் கோயில், முக்கா மணி நேரம். அன்னைக்கே ஷாவோலின் மடம், போக, வர, சண்டை பாக்க, படம் புடிக்க. அடேயப்பா! காலமெல்லாம் கங்காணி வேல பாத்தவன் நான். கொழுந்து எடுக்கிற பொம்பளைங்களக் கூட நான் இப்பிடி வெரட்டுனதில்ல. வெள்ளைக் குதிரைக் கோயில் கி.பி. 68ல உண்டானதுன்னு சொல்றாங்க. சீனாவுல புத்த சமயத்துக்கு அதுதான் மொதக் கோயிலாம். கிட்டத்தட்ட 2000 வருசத்துக்கு நீ 45 நிமிசம் ஒதுக்கியிருக்க. பெரிய மனசுய்யா ஒனக்கு.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. தோவ கோயிலுக்குள்ள போயிருக்கியா? பண்டாரவளையிலருந்து பதுளைக்கு வர்ற ரோட்டுல, ஆறேழு கிலோமீட்டர்ல, ரோட்டோரமாவே இருக்கு. நீ தீவாளிக்கும் பொங்கலுக்கும் வரும்போதெல்லாம் அந்த வழியாத்தான் வர்ற. பஸ்ஸுக்காரன் அங்க வேகத்தக் கொறைப்பான், சில பேரு எந்திரிச்சுக் கும்புடுவாங்க. நீ மட்டும் குனிஞ்ச தல நிமிராம இருப்ப. பக்தின்னு நெனைக்காதீங்க, போன் பாக்குறாருன்னு நான்தான் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லுவேன்.

அங்க பாறையில நிக்கிற புத்தரு 38 அடி. வலகம்பா ராசா காலத்துல, கிறிஸ்து பொறக்கிறதுக்கும் முந்தி, செதுக்க ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாங்க. ஆரம்பிச்சாங்களே தவிர முடிக்கல. பாதி வேலையில அப்பிடியே நிக்குது. ஏன் நின்னுச்சுன்னு ஆளாளுக்கு ஒரு கத சொல்லுவாங்க, படையெடுத்து வந்தாங்க, ராசா ஓடிட்டாருன்னு. எனக்கென்னமோ கங்காணி அரைப்பேர் போட்டிருப்பான்னுதான் தோணுது. காலையிலருந்து பொழுது சாயுற வரைக்கும் உளி புடிச்சவனுக்கு, "அளவு கொறையுது, இன்னைக்கு அரைப்பேர்தான்"னு செக்ரோல்ல கிறுக்கியிருப்பான். அவன் உளியத் தூக்கி ஓடையில போட்டுட்டுப் போயிருப்பான். நானே எத்தன பேருக்கு அப்பிடிக் கிறுக்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா?

சிரிச்சுட்ட. சரி, இப்பக் கேளு. இந்தச் செக்ரோல் விசயத்துல சீனாக்காரன் நம்ம கணக்கப்புள்ளைகளத் தூக்கிச் சாப்புட்டவன். லோங்மென்ல பின்யாங் கொகைன்னு மூணு இருக்கு. 500ஆம் வருசத்துல ஒரு ராசா தன் அப்பன் ஆத்தா புண்ணியத்துக்குன்னு ரெண்டு கொகைக்கு உத்தரவு போட்டாரு. பெறகு அரமனை அதிகாரி ஒருத்தரு ராசாவுக்காக இன்னொண்ணு சேத்தாரு. 523 வரைக்கும் வேல நடந்துச்சு. எத்தன ஆள் நாள் ஆச்சுன்னு அவங்க சரித்திரப் பொஸ்தகத்துல எழுதி வச்சிருக்கான்: 8,02,366. எட்டு லச்சத்து ரெண்டாயிரத்து முந்நூத்து அறுவத்தாறு! அந்தக் கடைசி ஆறு இருக்கு பாரு, அதுலதான் எனக்கு அவன் மேல மருவாத வந்துச்சு. சும்மா எட்டு லச்சம்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். ஆறு பேர விடாமப் பேர் போட்டிருக்கான் அந்த எழுத்துக்காரன்.

அதுலயும் கூத்து இருக்கு. மொதல்ல போட்ட திட்டத்துல கொகையோட உச்சி தரையிலருந்து அவங்க அளவுல 310 அடி ஒசரத்துல வரணும்னு மலைய வெட்ட ஆரம்பிச்சிருக்காங்க. வருசக்கணக்கா வெட்டிப் பாத்துட்டு, ஒரு அதிகாரி மெதுவா, "இது ரொம்ப ஒசரம், செலவு தாங்காது, கீழ எறக்குவோம்"னு மனுப் போட்டிருக்காரு. 100 அடிக்கு எறக்குனாங்க. எறக்கியும், அந்த மூணுல நடுவுல இருக்கிற ஒண்ணுதான் அந்தக் காலத்துல முடிஞ்சுது. மத்த ரெண்டும் நம்ம தோவ புத்தரு கதிதான். பின்னால வந்தவங்க கைய வச்சு ஒப்பேத்துனாங்க. ஆக, எஸ்டிமேட்டு தப்பாப் போறதும், பாதியில நிக்குறதும் நம்ம நாட்டுச் சொத்து மட்டும் இல்ல மருமவனே, மனசத் தேத்திக்க.

தோவயில போயி நின்னு பாத்தாத்தான் ஒனக்கு ஒண்ணு வெளங்கும். பாறையில சிலை செதுக்குறவன் கீழருந்து மேல போறதில்ல. மேலருந்து கீழ எறங்குறான். சாரத்துல ஏறி, மொதல்ல தல, பெறகு தோளு, பெறகு மாரு. கல்லுத்தூளு, செதிலு எல்லாம் கீழ விழுந்தாலும் முடிஞ்ச வேலைய அடிக்காது. அதனாலதான் பாதியில நின்ன சிலைக்கு மொகம் இருக்கும், காலு இருக்காது. முழுசா முடிஞ்ச சிலைய மட்டும் பாத்தா அது எப்பிடி வந்துச்சுன்னு கண்டுபுடிக்க முடியாது. நீ லோயாங்குல போயி அண்ணாந்து பாத்து "வாவ்"னு சொல்லுவ. எதுக்கு வாவ்னு கேட்டா முழிப்ப. 

அடுத்தது புதுருவகல. இதயும் நீ பாத்ததில்ல. எல்ல வரைக்கும் போவ, ஒம்போது வளைவுப் பாலத்துல கோச்சி வர்றப்போ வெள்ளக்காரனோட வெள்ளக்காரனா நின்னு படம் புடிப்ப, ராவணா எல்லயில கால நனைப்ப, திரும்பிருவ. அதே ரோட்டுல எறங்குனா வெல்லவாய. அதுக்கும் தெக்க, தணமல்வில ரோட்டுல அஞ்சு கிலோமீட்டரு, பெறகு உள்ள கொஞ்ச தூரம், கொளத்தோரமா, காட்டுக்குள்ள. நம்ம ஊவா மாகாணந்தான். மொனராகலை மாவட்டம். அங்க ஒரே பாறையில ஏழு பேரு வரிசையா நிக்குறாங்க. நடுவுல புத்தரு, 51 அடி. இந்த நாட்டுல பாறையில செதுக்குன நிக்கிற புத்தருல அதுதான் ஒசரம். ஒம்பதாவது, பத்தாவது நூத்தாண்டு வேலைன்னு சொல்றாங்க.

நீ போயிப் பாக்கப்போற பெரிய புத்தரு, லோங்மென்ல ஃபெங்ஷியான் கோயில்ல இருக்கிற வைரோசனரு, எவ்வளவு ஒசரம் தெரியுமா? 17.14 மீட்டர். அடிக்கணக்குல 56. ரெண்டுக்கும் வித்தியாசம் அஞ்சடி! அந்த அஞ்சடிக்காக நீ லீவு போட்டு, கடன் வாங்கி, கடல் தாண்டிப் போற. நியாயத்தயும் சொல்லிருறேன், இல்லேன்னா பொய் சொன்ன பாவம் எனக்கு. நம்மாளு நிக்கிறாரு, அவரு உக்காந்திருக்காரு. எந்திரிச்சாருன்னா கணக்கு வேற. காதே ரெண்டு மீட்டர் கிட்ட இருக்குமாம். ஒன் ஒசரத்தவிட நீளமான காது. பேசிப் பாரு, ஒன் மேனேசருக்குக் கேக்காததெல்லாம் அவருக்குக் கேக்கும்.

இனிமே சொல்றதத்தான் நீ கவனமாக் கேக்கணும். புதுருவகலயில புத்தருக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு பேரு. ஒரு பக்கம் நடுவுல அவலோகிதேஸ்வரரு, வெள்ளச் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அவரு பக்கத்துல ஒரு அம்மா, இடுப்ப ஒசிச்சுக்கிட்டு நிக்கிறா. தாரா தேவி. இன்னொரு பக்கம் மைத்ரேயரு, இனிமே பொறக்கப்போற புத்தரு. அந்தப் பக்கத்துல ஒருத்தரு கையில உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த ஆயுதம் ஒண்ணு வச்சிருக்காரு. நம்ம சனம் வேலாயுதம்னு நெனைச்சு முருகா முருகான்னு கும்புட்டுட்டு வரும், கதிர்காமம் போற வழிதானே. அது வேல் இல்ல, வச்சிராயுதம். அவரு வச்சிரபாணி.

இதெல்லாம் இந்த நாட்டுல இப்பப் பன்சலையில கும்புடுற வழியில வர்ற ஆளுங்க இல்ல. மகாயானம், வச்சிரயானம்னு சொல்ற வழி. ஒரு காலத்துல இங்கயும் இருந்துச்சு, பெறகு அடங்கிப் போச்சு, கல்லுல மட்டும் நிக்குது. சீனாவுல அதே வழிதான் வளந்து பெருகுச்சு. நீ லோங்மென்ல போயி நின்னாலும் நடுவுல பெரியவரு, பக்கத்துல சீடருங்க, அதுக்கடுத்து கிரீடம் வச்ச போதிசத்துவருங்க, ஓரத்துல மொறைச்சுக்கிட்டு நிக்கிற காவக்காரங்க. மொத்தம் ஒம்போது பேரு. புதுருவகலயில ஏழு பேர அடையாளம் தெரிஞ்சவனுக்கு அங்க ஒம்போது பேரும் சொந்தக்காரங்க. தெரியாதவனுக்கு எல்லாரும் கல்லு.

இன்னும் ஒரு சங்கதி இருக்கு. வச்சிரபோதின்னு ஒரு சாமியாரு. தெக்கத்தியாளு, நம்ம தமிழ்நாட்டுப் பக்கத்துக்காரரு, காஞ்சிபுரத்துப் பல்லவ ராசாவோட பழக்கம் உள்ளவரு. அவரு இலங்கைக்கு வந்து, சிவனொளிபாத மலையேறிக் கும்புட்டுட்டு, கப்பலேறி, ஸ்ரீவிசயம் வழியா வருசக்கணக்காக் கடல்ல அலைஞ்சு, 720ஐ ஒட்டி சீனாவுல குவாங்சோவுல எறங்குனாரு. நீயும் அங்கதான் எறங்கி வேற ப்ளேன் மாறப்போறேன்னு ஒன் தங்கச்சி சொல்லுச்சு. அவருக்கு மாத்துற ப்ளேன் கெடைக்கல, ஆனாலும் தலைநகரத்துக்குப் போயிச் சேந்தாரு. அங்க ராசாவுக்காக மந்திரச் சடங்கு செஞ்சாரு, சமஸ்கிருதப் பொஸ்தகங்கள சீனத்துல எழுதுனாரு. லோயாங்லயே காலமானாரு. லோங்மென் பக்கத்துலதான் அவர அடக்கம் பண்ணி ஸ்தூபி கட்டுனாங்க. அந்தச் சாமியாரு சொல்லிக் குடுத்த வழிக்கும், புதுருவகலயில ஒருத்தரு கையில புடிச்சிருக்கிற ஆயுதத்துக்கும் ஒரே பேருதான். நம்ம மலையேறிட்டுப் போன தமிழன் ஒருத்தன் நீ போற ஊருல படுத்திருக்கான். ஒன் லிஸ்டுல அவரு பேரு இல்ல. ஷாவோலின் சண்டை இருக்கு.

அவருக்கும் முந்தி ஆளுங்க போயிருக்காங்க. பின்யாங் கொகைக்கு உத்தரவு போட்ட ராசாவோட வம்சத்துக்காரங்க, லோயாங்கத் தலைநகரமா ஆக்குறதுக்கு முன்ன, வடக்க, இப்ப தாதோங்னு சொல்ற ஊருல இருந்தாங்க. 455 வாக்குல சிங்கள தேசத்துலருந்து அஞ்சு பிக்குமாரு மூணு புத்தரு சிலையச் சொமந்துக்கிட்டு அந்த ஊருக்குப் போயிச் சேந்தாங்கன்னு அவங்க சரித்திரத்துலயே இருக்கு. அஞ்சு வருசங்கழிச்சு, 460ல அங்க யுங்காங் கொகைய வெட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம சிலையப் பாத்துத்தான் ஆரம்பிச்சாங்கன்னு நான் சொல்லல, சொன்னா நீ போன்ல தட்டிப் பாத்து என் மானத்த வாங்குவ. அஞ்சு பேரு போனது நெசம். 493ல ராசா தலைநகரத்த லோயாங்குக்கு மாத்துனாரு. கல்லு வேலைக்காரங்களும் பின்னாலயே வந்தாங்க. லோங்மென் அப்பிடித்தான் ஆரம்பம்.

கல்லப் பத்தி ஒரு வார்த்த. நம்மது கருங்கல்லு. உளிக்கு எளக்கம் குடுக்காது. அதனால நம்மாளு உருவத்த மட்டும் பாறையில எடுத்துட்டு, மேல சாந்து பூசி, அதுல மடிப்பு, நக, மூக்கு, கண்ணெல்லாம் நெளிவா வச்சு, சாயம் அடிச்சான். ஆயிரம் வருச மழையில சாந்து கொட்டிப்போயி உருவம் மட்டும் நிக்குது. புதுருவகலயில அங்கங்க ஒட்டியிருக்கிறது அந்தப் பூச்சுதான். லோங்மென்ல சுண்ணாம்புக்கல்லு. அதுல நூல் மாதிரி நுணுக்கம் வரும். ஒரு கொகையில சுவரு முழுக்கச் சின்னச் சின்ன புத்தரு 15,000. வேறொரு கொகையில ரெண்டு சென்டிமீட்டரு ஒசரத்துல கூட இருக்காம். "நம்மவங்களுக்குக் கை வரல, சீனாக்காரன் கெட்டிக்காரன்"னு வந்து பேசுன, கவ்வாத்துக் கத்தியோட வருவேன். கல்லு வேற, வேல வேற.

காசு எங்கருந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சுக்க. அந்த 56 அடி புத்தருக்கு 672ல வூ செத்தியேன்ங்கிற மகாராணி 20,000 கோவை காசு குடுத்தா. ஒரு கோவையில ஆயிரம் காசுன்னு கணக்கு, ஆக ரெண்டு கோடி காசு. எந்தக் கணக்குலருந்து எடுத்தா தெரியுமா? பவுடரு, உதட்டுச் சாயம் வாங்குற கைச்செலவுலருந்து! கல்லுலயே அப்பிடி எழுதி வச்சிருக்கு. 675ல வேல முடிஞ்சுது. புத்தரு மொகமே அவ மொகம்தான்னு ஊரு பேசுது. இருக்கும், காசு குடுத்தவன் மொகம் எங்கயாவது வராமப் போகுமா? நம்ம வாசகசாலையில பீலி கட்டிக் குடுத்த மெம்பரு பேரு பீலியவிடப் பெருசா இருக்குல்ல. இங்க நாளுக்கு 1000 ரூவாய்க்காக எத்தன வருசம் கொடி புடிச்சோம்! 2021லதான் வந்துச்சு. அந்த மகாராணி பவுடரு பூசாம இருந்திருந்தா எத்தன மலைக்குச் சம்பளம் போட்டிருக்கலாம்னு ஒரு நாள் ஒக்காந்து பாத்தேன், காகிதம் பத்தல.

இப்ப ஒனக்கு வேண்டிய யோசன. ஏப்ரலுக்குப் போறேங்கிற. போகாதன்னு சொல்லமாட்டேன். அப்பத்தான் லோயாங்ல பியோனிப் பூ பூக்கும், ஊரே அதுக்குப் பேரு போனது. ஆனா சீனா முழுக்க அந்தப் பூவப் பாக்க அங்கதான் வரும், ரூமு வெல ஏறும், நீ புத்தரப் பாக்க மாட்ட, முன்னால நிக்கிறவன் முதுகத்தான் பாப்ப. மே மொத வாரமும் அக்டோபர் மொத வாரமும் அவங்க நாட்டு லீவு, அந்தப் பக்கமே தல வச்சுப் படுக்காத. செப்டம்பர் கடைசி நல்லது. மழ கொறையும், குளிரு ஏறாது. டிசம்பர்ல போனா நம்ம ஊரு பனிய நெனச்சு ஒரு சுவெட்டரோட நிப்ப, அங்க தண்ணி ஒறையும்.

பெரிய புத்தரு மேக்குக் கரை மலையில, கெழக்கப் பாத்து இருக்காரு. காலை வெயிலு நேரா மொகத்துல அடிக்கும். அதனால கதவு தொறக்கும்போது நீ நிக்கணும். மத்தியானத்துக்கு மேல போனா மொகம் நெழல்ல போயிரும். பெறகு பாலத்தத் தாண்டி அக்கரைக்குப் போ. அங்கருந்து பாத்தாத்தான் மலை முழுக்கத் தெரியும், 2,300 கொகையும் மாடமும் தேன்கூடு கணக்கா. ஒசரப் படிக்கட்டு நெறைய, நல்ல செருப்பாப் போடு. அந்த ஆபீஸ் சப்பாத்து வேணாம்.

அங்க ஷியான்னு இன்னொரு ஊரு இருக்கு, அதுலருந்து லோயாங் 300 கிலோமீட்டருக்கு மேல. அவங்க வேகக் கோச்சி ஒண்ணரை, ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோயி விட்டுருமாம். கொழும்பு கோட்டையிலருந்து பதுளை 292 கிலோமீட்டர். நாம காலையில ஏறுனா பொழுதுபட்டு எறங்குறோம். இதச் சொல்லி நம்ம கோச்சிய ஏளனம் பண்ணாத. அவன் கோச்சியில ஜன்னலத் தொறந்து வடை வாங்க முடியுமா? அந்த வேகத்துல நீ கைய நீட்டுனா வடையும் கையும் ரெண்டும் போயிரும்.

அங்க கடையில காசு நீட்டுனா ஒருமாதிரிப் பாப்பானுங்க, எல்லாம் போன்லதான் கட்டுறது. நீ இங்க பொழுதன்னைக்கும் தடவுற ஆப்பு பாதி அங்க வேல செய்யாது. ஒங்கம்மாவுக்கு எப்பிடிப் பேசுறதுன்னு இங்கயே பழகிட்டுப் போ. சாப்பாடு விசயத்துல, லோயாங் விருந்துன்னா 24 வகை, முக்காவாசி சூப்பாவே ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். மொதல்ல வர்றதயே மூக்கு முட்டக் குடிச்சுட்டுப் பேரக் கெடுக்காத. தேத்தண்ணி பச்சத் தண்ணி நெறத்துல, சீனி இல்லாம, பால் இல்லாம வரும். மூஞ்சியச் சுளிக்காத, நம்ம செடிக்கு அதுதான் பொறந்த வீடு. 1824லயே சீனாச் செடி பேராதெனியத் தோட்டத்துக்கு வந்துருச்சு. டெய்லர் தொரை லூல்கந்துரவுல தோட்டம் போட்டது 1867ல. நம்ம பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததுக்கே அந்தச் செடிதானே காரணம். ஒரு கும்புடு போட்டுட்டுக் குடி.

பின்யாங் நடுக்கொகையில உள்ள வாசப்பக்கச் சுவரு காயமா இருக்கும். ராசாவும் ராணியும் பரிவாரத்தோட ஊர்வலம் வர்ற மாதிரி அங்க செதுக்கியிருந்தாங்க. 1930கள்ல அதத் துண்டு துண்டா ஒடைச்சு வித்துட்டானுங்க. இப்ப ராசா நியூயார்க்குல, ராணி கேன்சஸ் சிட்டியில, ஆளுக்கொரு மியூசியத்துல. ஒண்ணா ஊர்வலம் போன புருசன் பொஞ்சாதிய அமெரிக்காக்காரன் பிரிச்சு வச்சிருக்கான். நம்ம நாட்டுத் தாரா தேவி வெங்கலச் சிலை ஒண்ணு லண்டன் மியூசியத்துல இருக்கு, 1830லருந்து. புதுருவகலத் தாரா பாறையோட பாறையா இருந்ததால தப்பிச்சா. சுவத்துல கைய வைக்காத, பேரக் கீறாத. "லோங்மென்ல 2,800 கல்வெட்டு இருக்கே மாமா, அவங்க மட்டும் எழுதலாமா?"ன்னு கேப்ப. அவங்க சிலை செஞ்சு குடுத்துட்டுப் பேரு எழுதுனவங்க. நீ துன்ஹிந்தவுல நீர்வீழ்ச்சி பாக்கப் போயி மரத்துல பேரு கீறுனவன். அதுலயும் ஒன் பேரு மட்டுமா இருந்துச்சு? பக்கத்துல இருந்த பேரச் சொல்லவா? ஒங்கம்மா காதுல விழட்டும்.

வைத்தியக் கொகைன்னு ஒண்ணு இருக்கு. அதுல 140 மருந்துக்கிட்ட கல்லுல எழுதி வச்சிருக்காங்க, வழிப்போக்கன் படிச்சுட்டுப் போகட்டும்னு. முட்டி வலிக்கு என்ன எழுதியிருக்குன்னு கேட்டு வா. நம்ம தோட்டத்து டிஸ்பென்சரியில எந்த நோவுக்கும் ஒரே மாத்திரதான் தர்றாங்க.

போற நாளைக்கு முன்னாடி கொழும்பு மியூசியத்துக்கும் ஒருக்கா போயிட்டு வந்துரு. ஒன் ஆபீசுலருந்து ஆட்டோவுல போற தூரந்தான், நீ போயிருக்க மாட்ட. அங்க ஒரு கல்லு இருக்கு. 1409ல சீனாவுல வெட்டுனது, செங் ஹோங்கிற கடற்படைத் தளபதி கொண்டுவந்து காலியில நட்டது. மூணு பாஷை: சீனம், பாரசீகம், அப்புறம் தமிழு. புத்தருக்குச் சீனத்துல காணிக்கை, தேவந்துறையில இருந்த தென்னாவர நாயனாருக்குத் தமிழ்ல காணிக்கை. 1911ல அதக் கண்டுபுடிச்சப்போ காலியில ஒரு மதகுக்கு மூடியாக் கவுத்துப் போட்டிருந்தாங்களாம். சீனாச் சக்கரவர்த்தி தமிழ்ல எழுதி அனுப்புன கல்லு! இங்க நாம ஒரு பாரத்தத் தமிழ்ல கேட்டா "நாளைக்கி வாங்க"ங்கிறான். 

விசாவுக்கு நீ வரிசையில நிக்கணும், ஏழெட்டுக் காகிதம் கேப்பாங்க. சலிச்சுக்காத. காகிதம்னா என்னன்னு எங்கய்யாவக் கேட்டிருக்கணும், அதான் ஒன் தாத்தா. இந்தத் தோட்டத்துலயே பொறந்தாரு. 1948ல சட்டம் போட்டு, நீ இந்த நாட்டுக்காரன் இல்லன்னுட்டாங்க. 1964ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரியும் ஒக்காந்து எங்களப் பங்கு பிரிச்சாங்க, அஞ்சேகால் லச்சம் பேரு அங்க, மூணு லச்சம் பேரு இங்க, மிச்சம் ஒண்ணரை லச்சத்தப் பின்னால பாப்போம்னு. ஒன் பெரிய மாமன் அந்தக் கணக்குல தலைமன்னாருக்குக் கோச்சியேறிக் கப்பல்ல போனான். இப்ப கூடலூருல அதே தேயிலதான். ஐயா எந்தக் கணக்குலயும் வராமலே போயிச் சேந்துட்டாரு. மிச்சம் கெடந்த எங்கள மாதிரி ஆளுங்களுக்கு 2003ல சட்டம் வந்த பெறகுதான் நாட்டுல பேரு ஏறுச்சு. ஒன் கையில இருக்கிற அந்தச் சின்னப் பொஸ்தகம் மூணு தலைமொற கண்ணுல பாக்காதது. அதப் பின் பாக்கெட்டுல வச்சு ஒக்காராத, மடங்கிரும்.

அப்ப என்ன சொல்ற? செப்டம்பர்னே வச்சுக்குவோம். ஷாவோலின வெட்டு. வெள்ளைக் குதிரைக்கு அரை நாள் குடு. லோங்மெனுக்கு ரெண்டு நாளு, ஒரு காலையில மேக்குக் கரை, மறுநாள் அக்கரை. வச்சிரபோதி சாமியாருக்கு நான் வெத்தல பாக்கு கட்டித் தர்றேன், விமானத்துல விடமாட்டான்னா மனசுக்குள்ள வச்சுக்குவோம்.

என்ன அப்பிடிப் பாக்குற? "வச்சுக்குவோம்"னா சொன்னேன்? சொல்லிட்டேனா? ஆமாய்யா. கண்டியில போயிப் படம் புடிச்சு, கைரேக வச்சு, எடுத்தாச்சு. ஒங்கத்தைக்கே தெரியாது, அரிசிப் பானைக்குப் பின்னால இருக்கு. வரிசையில என் முன்னால நின்ன பையன், "தாத்தா, எங்க மத்திய கெழக்குக்கா?"ன்னு கேட்டான். ஆமாப்பா, ஒட்டகம் மேய்க்கன்னேன். ஆக, பாஸ்போட்டு நம்ம ரெண்டு பேருகிட்டயும் இருக்கு. காசு ஒருத்தன்கிட்டதான் இருக்கு, அவன் யாருன்னு பேரு சொல்லி நான் கூச்சப்படுத்த மாட்டேன்.

அந்தப் பயணத்துக்கு ஒத்திகையா ஞாயித்துக்கெழமை புதுருவகல போறோம். வெள்ளனா மொத பஸ்ஸு. பஸ் காசு ஒன்னோடது, வெல்லவாயயில சோறும் ஒன்னோடது. போற வழியில மலையடிவாரத்துல நல்ல தயிரு சட்டியில விக்கிறான், அது மட்டும் என் செலவு. சில்லற இருந்தா.